முதல் ஆட்டத்தில் தோற்ற குகேஷ் உலக சாம்பியன் ஆனது எப்படி? விளையாட்டு வீரர்களுக்கு மனப்பயிற்சி ஏன் அவசியம்?

2024 நவம்பர் 25. சிங்கப்பூர், சென்டோசா தீவு. உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் முதல் ஆட்டம். எதிரில் நடப்பு சாம்பியன், சீனாவின் டிங் லிரென். வெள்ளைக் காய்களுடன் ஆடியவர் சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷ். 42 நகர்த்தல்களில் ஆட்டம் முடிந்தது. தோற்றது குகேஷ்.

கோடிக்கணக்கான பேர் எதிர்பார்ப்போடு பார்க்கிற போட்டி. வாழ்க்கையில் முதல் முறையாக உலக சாம்பியன் பட்டத்துக்கு ஆடுகிறார். வெள்ளைக் காய் கையில் இருந்தும் முதல் நாளே தோல்வி. அந்த ராத்திரி ஒரு 18 வயசுப் பையன் மனசு எப்படி இருந்திருக்கும்?

அந்தத் தோல்விக்குப் பிறகு விஸ்வநாதன் ஆனந்தை லிஃப்டில் சந்தித்ததாக குகேஷ் பின்னர் செய்தியாளர்களிடம் சொன்னார். ஆனந்த் அவரிடம் சொன்ன விஷயம் இதுதான்: எனக்கு அப்போ 11 ஆட்டம்தான் மீதி இருந்தது, உனக்கு 13 இருக்கு. 2010இல் பல்கேரியாவின் சோபியா நகரில் டோபலோவுக்கு எதிராக ஆனந்தும் முதல் ஆட்டத்தில் தோற்றவர்தான். அது 12 ஆட்டத் தொடர். கடைசியில் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டது ஆனந்த்!

அதே மாதிரி டிசம்பர் 12ஆம் தேதி குகேஷும் 7.5 - 6.5 என்ற கணக்கில் ஜெயித்து, இளம் வயது உலக சாம்பியன் ஆனார். 22 வயதில் பட்டம் வென்ற காஸ்பரோவின் சாதனையை முறியடித்தார்.

அந்த இரண்டரை வாரத்தில் அவருடைய குழுவில் செஸ் பயிற்சியாளர்கள் மட்டும் இல்லை. பேடி அப்டன் என்ற தென்னாப்பிரிக்கரும் இருந்தார். 2011இல் தோனி தலைமையில் கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியின் மனப்பயிற்சியாளர் இவர்தான். பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற இந்திய ஆண்கள் ஹாக்கி அணியுடனும் வேலை பார்த்தவர்.

செஸ்ஸுக்கு மனப்பயிற்சியா? அப்படி என்னதான் சொல்லிக் கொடுப்பாங்க? தன்னம்பிக்கையைப் பயிற்சியால் வளர்க்க முடியுமா? விரிவாகப் பார்க்கலாம்.

மனப்பயிற்சின்னா மோட்டிவேஷன் பேச்சா?

இல்லை. நம்மில் பலரும் செய்யும் முதல் தப்பு இதுதான். மேடை ஏறி "உன்னால் முடியும்" என்று பேசுவதும், போட்டிக்கு முன்னாடி பாட்டு போட்டு உசுப்பேத்துவதும் மனப்பயிற்சி ஆகாது. அந்த வேகம் முதல் அடி விழும் வரைக்கும்தான் நிற்கும்.

உடற்பயிற்சியில் தினமும் இத்தனை சுற்று ஓட்டம், இத்தனை தண்டால் என்று கணக்கு இருக்கும். மனப்பயிற்சியும் அப்படித்தான். கவனத்தை எங்கே வைப்பது, பதற்றம் வந்தால் மூச்சை எப்படிக் கையாள்வது, தப்பு செய்துவிட்டால் அடுத்த நொடி என்ன செய்வது, போட்டிக்கு முந்தின ராத்திரி எப்படித் தூங்குவது, ஓய்வு நாளை எப்படிக் கழிப்பது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துப் பழக வேண்டும்.

ஒரே வரியில் சொன்னால், பயமே வராமல் செய்வது இதன் வேலை கிடையாது. பயத்தோடவே நல்லா ஆடப் பழக்குவதுதான் வேலை.

தன்னம்பிக்கை எங்கிருந்து வருது?

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977இல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். விளையாட்டு உளவியலில் இன்றைக்கும் அதை அடிப்படையாக எடுத்துக்கொள்கிறார்கள். 'இந்தக் காரியத்தை என்னால் செய்ய முடியும்' என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் வருகிறது என்பதுதான் அவர் சொன்னது. அந்த நான்கையும் குகேஷ் கதையிலேயே பார்க்கலாம்.

முதலாவது, சொந்த அனுபவம். நான்கில் இதுதான் ரொம்ப வலுவானது. ஏற்கெனவே ஒரு முறை செய்துகாட்டியவருக்கு அடுத்த முறையும் முடியும் என்று தெரியும். இங்கே அனுபவம் என்றால் வெற்றி மட்டும் இல்லை. விழுந்து எழுந்ததும் சேர்த்திதான்.

2022இல் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட்டை நினைவிருக்கிறதா? முதல் 8 ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார் 16 வயது குகேஷ். ஆனால் 10ஆவது சுற்றில், உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம், கைக்கு எட்டிய ஆட்டத்தைக் கோட்டைவிட்டார். உஸ்பெகிஸ்தான் தங்கம் வென்றது. இந்தியா 'பி' அணிக்குக் கிடைத்தது வெண்கலம்.

2024 ஏப்ரலில் கனடாவின் டொராண்டோவில் கேண்டிடேட்ஸ் போட்டி. 7ஆவது சுற்றில் அலிரேசா பிரூஜாவிடம் தோல்வி. ஆனால் அதற்கு அடுத்த நாள், ஓய்வு நாளில்தான் மனசு ரொம்பத் தெளிவாக இருந்ததாகவும், இந்தப் போட்டியை ஜெயிக்க முடியும் என்று தோன்றியதாகவும் பட்டம் வென்ற பிறகு குகேஷ் சொன்னார். மீதி 7 ஆட்டங்களில் அவர் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. 13ஆவது சுற்றில் அதே பிரூஜாவையும் வீழ்த்தினார்.

ஆக, சிங்கப்பூரில் முதல் நாள் தோற்றபோது அவரிடம் வெறும் நம்பிக்கை மட்டும் இல்லை, ஆதாரமும் இருந்தது. 'தோத்த பிறகும் என்னால் திரும்பி வர முடியும், டொராண்டோவில் வந்திருக்கேன்' என்பதுதான் அந்த ஆதாரம்.

இரண்டாவது, நம்மைப் போன்ற ஒருத்தர் செய்வதைப் பார்ப்பது. 2013இல் சென்னையில் ஆனந்துக்கும் கார்ல்சனுக்கும் உலக சாம்பியன்ஷிப் போட்டி நடந்தது. பார்வையாளர்கள் வரிசையில் 7 வயது குகேஷும் இருந்தார். கண்ணாடி அறைக்குள் ஆடுகிறவர்களைப் பார்த்து, ஒருநாள் நாமும் அதற்குள் உட்காரணும் என்று நினைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் அங்கே போயிருக்கிறார் என்பதே ஒரு குழந்தைக்குப் பெரிய தைரியம்.

மூன்றாவது, நாம் மதிக்கிற ஒருவரின் வார்த்தை. லிஃப்டில் ஆனந்த் சொன்னது இந்த வகை. கவனித்தீர்களா? "கவலைப்படாதே, நீ ஜெயிப்பே" என்று அவர் சொல்லவில்லை. 13 ஆட்டம் இருக்கு என்ற கணக்கைத்தான் சொன்னார். அதுவும் அதே குழியில் விழுந்து எழுந்தவர் சொன்னது. அதனால்தான் அந்த வார்த்தைக்கு எடை அதிகம்.

நான்காவது, உடம்பு தருகிற சிக்னல். படபடக்கிற நெஞ்சு, வியர்க்கிற உள்ளங்கை. இதை 'பயந்துட்டேன்' என்று எடுத்துக்கொள்வதா, 'உடம்பு ரெடியாயிடுச்சு' என்று எடுத்துக்கொள்வதா? எப்படி எடுத்துக்கொள்கிறோமோ அதைப் பொறுத்து நம்பிக்கை ஏறும் அல்லது இறங்கும்.

டென்ஷன் ஆட்டத்தைக் கெடுப்பது ஏன்?

ஒரு சின்ன சோதனை. உங்கள் போனைத் திறக்க பேட்டர்ன் லாக் போடுகிறீர்கள் இல்லையா? விரல் தானாகப் போகும். இப்போது யாராவது பக்கத்தில் நின்று, "எந்தப் புள்ளியில் ஆரம்பிச்சு எந்தப் புள்ளியில் முடிக்கிறே, சொல்லிக்கிட்டே போடு" என்றால்? கை தடுமாறும்.

விளையாட்டிலும் இதேதான் நடக்கிறது. பல வருஷப் பயிற்சியில் ஒரு வீரரின் அசைவுகள் தானாக நடக்கும் அளவுக்குப் பழகியிருக்கும். அழுத்தம் கூடும்போது, 'தப்பு பண்ணிடக் கூடாது' என்ற எண்ணத்தில், தானாக நடக்கிற அந்த வேலையை மூளை ஒவ்வொரு படியாகக் கண்காணிக்க ஆரம்பிக்கும். அங்கேதான் சொதப்பல். வலைப்பயிற்சியில் சிக்ஸர் அடிப்பவர் கடைசி ஓவரில் திணறுவதற்கும், பயிற்சியில் பத்துக்குப் பத்து பெனால்டி போடுபவர் இறுதிப்போட்டியில் கோல் கம்பத்துக்கு மேலே அடிப்பதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

செஸ்ஸில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே தேவை யோசனை. ஆனால் 'தோத்துட்டா என்ன ஆகும்' என்ற கவலையும் அதே மூளையில்தான் இடம் பிடிக்கிறது. கணக்குப் போட வேண்டிய இடத்தைக் கவலை எடுத்துக்கொண்டால் நல்ல நகர்த்தல் கண்ணில் படாது. கடிகாரமும் ஓடிக்கொண்டே இருக்கும்.

வீரர்கள் என்னதான் பயிற்சி செய்யறாங்க?

1. ஒரே மாதிரி ஒரு பழக்கம்: ஆட்டம் தொடங்கும் முன் நாற்காலியில் அசையாமல் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் குகேஷைப் பார்த்திருப்பீர்கள். சர்வீஸ் போடுவதற்கு முன் டென்னிஸ் வீரர்கள் ஒவ்வொரு முறையும் பந்தைத் தட்டுவதும், பேட்ஸ்மேன்கள் கிளவுஸைச் சரிசெய்வதும் இதே வகைதான். இது ராசி பார்க்கிற விஷயம் இல்லை. எந்த ஊர், எந்த மேடை, எவ்வளவு கூட்டம் என்பது நம் கையில் இல்லை. ஆனால் அடுத்த 20 நொடி என்ன செய்யப் போகிறோம் என்பது நம் கையில்தான். தெரிந்த ஒன்றைச் செய்யும்போது மனசு தெரிந்த இடத்துக்கே திரும்பி வருகிறது.

2. மனசுக்குள் ஒத்திகை: நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸின் பயிற்சியாளர் பாப் போமன், ஒரு பந்தயம் முழுவதையும் மனசுக்குள் வீடியோ மாதிரி ஓட்டிப் பார்க்கச் சொல்வார். நல்லபடியாக முடிவதை மட்டும் இல்லை, ஏதாவது தப்பாக நடந்தால் என்ன செய்வது என்பதையும் சேர்த்து. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக், 200 மீட்டர் பட்டர்பிளை இறுதிப்போட்டி. பெல்ப்ஸின் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. கண்ணே தெரியவில்லை. அவர் பதறவில்லை. கைவீச்சை எண்ணிக்கொண்டே நீந்தினார். 1 நிமிடம் 52.03 விநாடி. தங்கம் மட்டும் இல்லை, அன்றைய உலக சாதனையும்கூட!

3. தனக்குத்தானே பேசுவது: 'டென்ஷன் ஆகாதே, அமைதியாக இரு' என்று சொல்லிக்கொள்வதுதான் வழக்கம். ஆனால் ஹார்வர்டைச் சேர்ந்த ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொன்னது. பாட்டு, மேடைப்பேச்சு, கணக்கு ஆகியவற்றை வைத்துச் சோதித்தபோது, அமைதியாக இருக்க முயன்றவர்களைவிட, தங்கள் படபடப்பை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். காரணம் எளிது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைச் சட்டென்று நிறுத்துவது கஷ்டம், அதே வேகத்தில் வேறு பாதைக்குத் திருப்புவது சுலபம்.

4. வேணும்னே கஷ்டத்தைச் சேர்ப்பது: 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிள் இறுதிச்சுற்று வரை போய் 7ஆவது இடத்தில் முடித்தார் அபினவ் பிந்த்ரா. 2008க்கு முன் அவர் செய்த பயிற்சிகளில் ஒன்று, ஜெர்மனியில் சுமார் 40 அடி உயரக் கம்பத்தில் ஏறி உச்சியில் நிற்பது. துப்பாக்கிக்கும் கம்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பயத்தோடு நின்று, கை கால் நடுங்கும்போதும் செய்ய வேண்டியதைச் செய்ய முடியும் என்று உடம்புக்குக் காட்டுவதுதான் நோக்கம். பெய்ஜிங்கில் கடைசிக் குண்டுக்கு முன் அவரும் பின்லாந்தின் ஹென்ரி ஹாக்கினனும் சம புள்ளியில் இருந்தார்கள். பிந்த்ரா சுட்டது 10.8. தனிநபர் பிரிவில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம்.

5. போனதைப் போனதாக விடுவது: 2024இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் பேசிய ரோஜர் பெடரர் ஒரு கணக்கைச் சொன்னார். அவர் ஆடிய 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் கிட்டத்தட்ட 80 சதவீதம் வெற்றி. ஆனால் அந்த ஆட்டங்களில் அவர் வென்ற புள்ளிகள்? வெறும் 54 சதவீதம்தான். அதாவது, உலகின் தலைசிறந்த வீரர்களில் ஒருவரே கிட்டத்தட்ட ஒன்று விட்டு ஒரு புள்ளியை இழந்திருக்கிறார். இழந்த புள்ளியையே நினைத்துக்கொண்டிருந்தால் அடுத்த புள்ளியும் போய்விடும்.

12ஆவது ஆட்டம்: உண்மையான பரீட்சை

இப்போது மறுபடியும் சிங்கப்பூருக்கு வருவோம். முதல் ஆட்டத் தோல்விக்குப் பிறகு 2ஆவது ஆட்டம் டிரா. 3ஆவது ஆட்டத்தில் குகேஷ் வெற்றி. அதன் பிறகு வரிசையாக 7 டிரா. 11ஆவது ஆட்டத்தில் ஜெயித்து முதல் முறையாக முன்னிலைக்கு வந்தார். இன்னும் 3 ஆட்டம்தான், பட்டம் கைக்கெட்டும் தூரத்தில்.

அடுத்த நாளே, டிசம்பர் 9ஆம் தேதி, 12ஆவது ஆட்டத்தில் டிங் அபாரமாக ஆடி அவரை வீழ்த்தினார். 6 - 6. எல்லாம் மறுபடியும் முதலில் இருந்து.

முதல் நாள் தோற்பதைவிட இது கஷ்டம். கையில் இருந்ததை இழப்பது இல்லையா? அதோடு, முதல் நாள் இருந்த '13 ஆட்டம் மீதி' என்ற ஆறுதலும் இப்போது இல்லை. மீதி இரண்டே ஆட்டம்.

ஒரு நாள் ஓய்வு. 13ஆவது ஆட்டத்தில் குகேஷ் விடாமல் அழுத்தம் கொடுத்தார். டிங் தாக்குப்பிடித்தார். 69 நகர்த்தல், டிரா. 14ஆவது ஆட்டத்தில் குகேஷுக்குக் கருப்புக் காய். பார்த்துக்கொண்டிருந்த பலரும் இதுவும் டிரா, டைபிரேக்கர்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒரே ஒரு சிப்பாய் அதிகம் என்ற சின்ன சாதகத்தை வைத்துக்கொண்டு குகேஷ் மட்டும் விடாமல் ஆடினார். 55ஆவது நகர்த்தலில் டிங் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். 58ஆவது நகர்த்தலில் எல்லாம் முடிந்தது.

எதிராளியின் தப்பால் கிடைத்த வெற்றிதானே என்று சிலர் கேட்டார்கள். ஆனால் நான்கைந்து மணி நேரமாக, பெரிதாக ஒன்றும் இல்லாத நிலையில், அடுத்த நல்ல நகர்த்தலை மட்டும் தேடிக்கொண்டே இருந்தால்தான் அந்தத் தப்பு வரும்போது அங்கே இருக்க முடியும். மனப்பயிற்சி பலன் தருகிற இடம் இதுதான். திரையில் அது பெரும்பாலும் 'போரிங்' ஆகத்தான் தெரியும்.

ஜெயித்த உடனே குகேஷ் அழுதார். அழுதுகொண்டே பலகையில் காய்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆரம்பக் கட்டத்தில் அடுக்கினார். மன உறுதி என்றால் கண்ணீரே வரக் கூடாது என்று அர்த்தம் இல்லை.

பலகையின் அந்தப் பக்கம் இருந்தவர்

இந்தக் கதையில் டிங் லிரெனை மறந்துவிடக் கூடாது. 2023இல் உலக சாம்பியன் ஆன பிறகு மனச்சோர்வால் அவதிப்பட்டதை அவர் வெளிப்படையாகவே பேசினார். பல மாதங்கள் ஆட்டத்திலிருந்து விலகி இருந்தார். சிங்கப்பூருக்கு வரும்போது உலகத் தரவரிசையில் முதல் 20 இடங்களில்கூட இல்லை. குகேஷை முதல் ஆட்டத்தில் வென்றதுதான், அந்த ஆண்டு ஜனவரிக்குப் பிறகு கிளாசிக்கல் செஸ்ஸில் அவருக்குக் கிடைத்த முதல் வெற்றி. அப்படிப்பட்டவர் கடைசி நாள் வரை போராடினார். டிங்கை உண்மையான சாம்பியன் என்று பாராட்டினார் குகேஷ்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். மனப்பயிற்சி வேறு, மனநல சிகிச்சை வேறு. போட்டிக்கு முன் வரும் பதற்றத்துக்குப் பயிற்சி போதும். ஆனால் வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, பசி இல்லை, பிடித்த விளையாட்டைப் பார்த்தாலே வெறுப்பு, எப்போதும் அழுகை என்றால், அது 'மனசைத் திடமாக வச்சுக்கோ' என்று சொல்லித் தீர்கிற விஷயம் இல்லை. மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

டோக்கியோ ஒலிம்பிக்கின்போது, அந்தரத்தில் சுழலும்போது உடம்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாத நிலை ஏற்பட்டதால் குழு இறுதிப்போட்டியின் பாதியிலேயே விலகினார் ஜிம்னாஸ்ட் சிமோன் பைல்ஸ். கோழை என்றுகூடத் திட்டினார்கள். அவர் சிகிச்சை எடுத்துக்கொண்டு, நேரம் எடுத்துக்கொண்டு திரும்பினார். பாரிஸில் 3 தங்கம், 1 வெள்ளி. சரியான நேரத்தில் நிறுத்தியதால்தான் அவரால் திரும்பி வர முடிந்தது.

உங்க வீட்டுப் பிள்ளைக்கு என்ன செய்யலாம்?

எல்லோருக்கும் பேடி அப்டன் கிடைக்க மாட்டார். பள்ளி அணியிலோ, மாவட்ட அளவிலோ, முதலமைச்சர் கோப்பையிலோ ஆடுகிற பிள்ளைகளுக்கு அப்பா அம்மாவும், பி.டி. சாரும்தான் மனப்பயிற்சியாளர்கள். செலவே இல்லாமல் செய்யக்கூடியவை இவை:

* தோற்றுவிட்டு பைக்கில் பின்னாடி உட்கார்ந்து வரும் பிள்ளையிடம் அந்த வழியிலேயே ஆட்டத்தை அலசாதீர்கள். "சாப்பிட்டியா?" போதும். அலசல் நாளைக்கு.

* "ஜெயிச்சியா?" என்பதற்குப் பதில் "இன்னைக்கு எது நல்லா வந்துச்சு, எதைச் சரி பண்ணணும்?" என்று கேட்டுப் பாருங்கள். முடிவு பிள்ளையின் கையில் இல்லை, உழைப்பு அவர்கள் கையில் இருக்கிறது.

* ஒரு நோட்டுப் புத்தகம் போடச் சொல்லுங்கள். அன்றன்றைக்குச் செய்த பயிற்சி, கற்றுக்கொண்டது, திருத்திக்கொண்டது எல்லாம் இரண்டு வரியில். போட்டிக்கு முந்தின நாள் அதைப் புரட்டினால், 'நான் இவ்வளவு செய்திருக்கிறேன்' என்பது கண்ணுக்குத் தெரியும். அதுதான் ஆதாரம்.

* பயிற்சியிலேயே கொஞ்சம் அழுத்தம் சேருங்கள். நண்பர்கள் சுற்றி நின்று கத்தும்போது ஒரு ஃப்ரீ த்ரோ, ஒரே ஒரு வாய்ப்பு மட்டும் தரும் லாங் ஜம்ப் என்று பழக்கலாம்.

* அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். போன மாசம் இருந்த தன்னோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள்.

* தூக்கத்தைக் குறைத்துப் பயிற்சி வேண்டாம். கடன் வாங்கிச் செலவு செய்வது மாதிரிதான் அது. போட்டி அன்றைக்கு வட்டியோடு கட்ட வேண்டி வரும்.

மனச்சோர்வின் அறிகுறி தெரிந்தால், மத்திய அரசின் டெலி மானஸ் இலவச உதவி எண் 14416இல் எந்த நேரமும் பேசலாம். தமிழிலும் பேசலாம்.

கடைசியா ஒரு வார்த்தை

தன்னம்பிக்கை என்றால் 'நான் தோற்கவே மாட்டேன்' என்று நினைப்பது என்றுதான் பலரும் நம்புகிறோம். அப்படி நினைப்பவர் முதல் தோல்வியிலேயே உடைந்துபோவார். மாமல்லபுரம், டொராண்டோ, சிங்கப்பூர் என்று மூன்று இடத்திலும் குகேஷ் தோற்றிருக்கிறார். தோற்றாலும் நாளைக்கு வந்து பலகை முன்னாடி உட்கார முடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த நம்பிக்கையை யாரும் ஊசி மாதிரி போட்டுவிட முடியாது. ஒவ்வொரு தோல்விக்கும் அடுத்த நாள் காலையில் எழுந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொள்வதுதான்.

உங்க பிள்ளை அடுத்த முறை தோத்துட்டு வந்து நின்றால், ஆனந்த் போட்ட அந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னும் எத்தனை ஆட்டம் மீதி இருக்கு என்று மட்டும் சொல்லுங்க, போதும்.